எலுமிச்சைக்குத் தண்ணீர்: எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

நீங்கள் எழுதியிருந்தது இதுதான்: புளியங்குடிக்குப் பக்கத்தில் 3 ஏக்கர் எலுமிச்சை, 7 வயது மரங்கள், 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளி, செம்மண், ஒரே ஒரு போர். இதுவரை வாய்க்கால் வழியாக வட்டப்பாத்திக்குப் பாய்ச்சுகிறீர்கள். சித்திரை வைகாசியில் மதியத்துக்குள் போரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. சொட்டுநீருக்கு மாறினால் பாதித் தண்ணீர் மிச்சம் என்று சொல்கிறார்களே, அது உண்மையா, மரத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும், வாடவிட்டுத் தண்ணீர் கொடுத்தால் கோடைக்காய் வருமா? மூன்று கேள்விகள் மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். மரத்தைக் கெடுக்காமல் எவ்வளவு தண்ணீரைக் குறைக்கலாம், இந்தப் போர் இந்தத் தோட்டத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் தாங்குமா என்பது. தோட்டக்கலை படித்துவிட்டு, பல வருஷமாகத் தென்காசி, திண்டுக்கல் பக்கத் தோட்டங்களில் பாசன வேலையிலேயே இருக்கிறவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் மண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாததையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் போரை அளந்துவிடுங்கள். "ஒன்றரை இஞ்ச் தண்ணி வருது" என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது. 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். காலையில் மோட்டார் போட்டவுடன் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, அதுவும் கோடையில் அளந்தால் வருவதுதான் போரின் உண்மையான தண்ணீர். டிரம் 3 நிமிஷத்தில் நிரம்பினால் மணிக்கு 4,000 லிட்டர். 6 மணி நேரம் ஓட்ட முடிந்தால் ஒரு நாளைக்கு 24,000 லிட்டர். இந்த எண் கையில் இல்லாமல் சொட்டுநீர் கம்பெனிக்காரரை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.

அப்புறம் மரத்தின் தேவை. 1 மில்லிமீட்டர் தண்ணீர் 1 சதுர மீட்டரில் நின்றால் 1 லிட்டர், இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உச்சி வெயிலில் மரத்தின் நிழல் எவ்வளவு அகலம் விழுகிறது என்று அளங்கள். உங்கள் வயது மரத்துக்கு சுமார் 4 மீட்டர் குறுக்களவு இருக்கலாம், அப்படியானால் பரப்பு 12.5 சதுர மீட்டர். நம் பக்கத்துக் கோடையில் பயிர் இழுக்கும் தண்ணீரைக் கணக்கிட ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதில் எலுமிச்சைக்கு ஏறத்தாழ 0.7 பங்கு எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இந்த வகை மரங்கள் மற்ற பயிர்களை விடக் கொஞ்சம் சிக்கனமாகவே குடிக்கும். 12.5 × 6 × 0.7, அதாவது 52 லிட்டர். குழாயில் போகும் சின்னச் சேதாரத்தையும் சேர்த்து 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 160 மரம், 3 ஏக்கருக்கு 480 மரம், ஆக ஒரு நாளைக்கு 26,400 லிட்டர். கணக்குப் போடும் முறை சரியானது. ஆனால் 55 என்ற எண்ணைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஆரம்பிப்பதற்கான எண் மட்டுமே. தரை முழுதும் நனைகிற தோட்டத்துக்கு உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கைப் போட்டால், மண்ணில் ஆவியாவதும் சேர்ந்து இதைவிட நிறையவே அதிகம் வரும். அடர்ந்து காய் பிடித்த மரத்துக்கும் வெறும் மரத்துக்கும் கூட வித்தியாசம் உண்டு. இன்னொன்று, கோடை என்றால் சித்திரை வைகாசி மட்டும்தான் என்று நினைத்து ஆனி ஆடியில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று, வெயில் குறைந்த நாளிலும் இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலையடிவாரத்தில் சாரல் விழும் தோட்டம் என்றால் சரி, கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் தள்ளிப் போகப் போக சாரல் கிடையாது, காற்று மட்டும்தான்.

இப்போது "பாதி மிச்சம்" விஷயத்துக்கு வருவோம். உங்கள் வட்டப்பாத்தி 3 மீட்டர் அகலம், அதில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஒரு மரத்துக்கு 350 லிட்டர். வாரம் ஒரு பாய்ச்சல் என்றால் நாளைக்கு 50 லிட்டர். பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண்தான். மரம் குடிக்கிற தண்ணீரைச் சொட்டுநீர் குறைக்கவே குறைக்காது. மிச்சமாவதெல்லாம் மரத்துக்குப் போய்ச் சேராத தண்ணீர்: செம்மண் வாய்க்காலில் வழியெல்லாம் உறிஞ்சிக்கொள்வது, மடை மாற்றுவதற்குள் முதல் வரிசைப் பாத்தி நிரம்பி வழிவது, வேருக்குக் கீழே இறங்கிப் போவது, பாத்தியில் ஈரம் இருக்கும் வரை மேலிருந்து ஆவியாவது. உங்கள் வாய்க்கால் நீளமாக, மேடு பள்ளமாக இருந்தால் பாதி மிச்சம் என்பது நடக்கக்கூடியதுதான். ஏற்கனவே பைப்லைன் போட்டு ஒவ்வொரு பாத்திக்கும் ஹோஸ் வைத்து அளவாகப் பாய்ச்சுகிற ஆளுக்கு அவ்வளவு மிச்சமாகாது. இதைச் சொல்லாமல் எல்லாருக்கும் ஒரே சதவீதத்தைச் சொல்லி விற்பது தப்பு. கையில் இப்போது காசு இல்லை என்றால் வாய்க்காலை மூடி பிவிசி குழாய் போடுவதே முதல் பெரிய சேமிப்பு, சொட்டுநீர் அடுத்த வருஷம் வரட்டும்.

மாறுவது என்று முடிவெடுத்தால் எப்போது, எப்படி என்பதில்தான் நிறைய தோட்டங்கள் அடிவாங்குகின்றன. ஏழு வருஷமாக வட்டப்பாத்தி முழுக்கப் பரவிய வேரை, ஒரே நாளில் தூருக்குப் பக்கத்தில் இரண்டு டிரிப்பர் (சொட்டுவான்) வைத்து அதற்குள் அடங்கிக்கொள் என்றால் மரம் என்ன செய்யும்? இலை மஞ்சளாகி, பிஞ்சு கொட்டி, "சொட்டுநீர் எலுமிச்சைக்கு ஒத்துவராது" என்று பெயர் வாங்கிவிடும். எலுமிச்சையின் உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடிக்குள்தான் இருக்கும், அதிலும் மேல் ஓரடியில் அதிகம், ஆனால் பக்கவாட்டில் நிழல் விளிம்பைத் தாண்டியும் போகும். அதனால் நனைகிற பரப்பு நிழலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, பாதி இருந்தால் நல்லது. மர வரிசைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு லேட்டரல் (டிரிப்பர் மாட்டும் பக்கக் குழாய்), மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் டிரிப்பர் நான்கு, தூரிலிருந்து இரண்டரை மூன்றடி தள்ளி. செம்மண்ணில் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும், பக்கவாட்டில் அதிகம் பரவாது, எனவே டிரிப்பர் எண்ணிக்கை முக்கியம். கரிசலில் பரவிக்கொள்ளும், அங்கே 4 லிட்டர் டிரிப்பரே போதும். மாற்றுவதற்குச் சரியான நேரம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னால். மழை ஈரத்தில் புது வேர் விட்டு, கோடை வருவதற்குள் டிரிப்பர் இருக்கிற இடத்தில் வேர் அடர்ந்துவிடும். சித்திரையில் மாற்றவே மாற்றாதீர்கள்.

480 மரத்துக்கு மணிக்கு 32 லிட்டர் என்றால் மொத்தம் 15,360 லிட்டர், உங்கள் போர் அதைத் தாங்காது. தோட்டத்தை நாலு பகுதியாக்கி வால்வு வைத்தால் ஒரு பகுதிக்கு மணிக்கு 3,840 லிட்டர். ஒவ்வொன்றும் ஒண்ணே முக்கால் மணி நேரம், மொத்தம் 7 மணி நேரம். மும்முனை மின்சாரம் 6 மணி நேரம்தான் கிடைத்தால் பகுதிக்கு ஒன்றரை மணி, மரத்துக்கு 48 லிட்டர். அதனால் மரம் செத்துப்போகாது. நான் 4,000 லிட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்ததுதான், உங்கள் டிரம் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள்.

லிட்டர் கணக்கு சரியா தப்பா என்பதை மண்தான் சொல்லும். தண்ணீர் விட்ட மறுநாள் காலை, டிரிப்பரிலிருந்து ஓரடி தள்ளி மண்வெட்டியால் ஒன்றரை அடி குழி தோண்டி, அரையடி ஆழத்தில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். செம்மண் உருண்டை பிடித்து, விரலில் லேசாக ஒட்டி, தட்டினால் உதிர்ந்தால் ஈரம் சரி. உருண்டையே பிடிக்கவில்லை என்றால் போதவில்லை. அடிமண் கையில் சேறாக ஒட்டினால் தண்ணீர் வேருக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது, நேரத்தைக் குறையுங்கள். தோட்டத்தில் மூன்று நாலு இடத்தில் இப்படிப் பார்த்தால் கால் மணி நேரம் ஆகும். கருவி வேண்டும் என்றால், மண்ணில் ஈரம் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டென்சியோமீட்டர் உண்டு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய, நிற விளக்கெரிந்து ஈரத்தைக் காட்டும் கையடக்கக் கருவியும் உண்டு. இரண்டுமே நல்லவைதான், ஆனால் முதல் வருஷம் மண்வெட்டியோடு சேர்த்துப் பழகுங்கள். இலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கடும் வெயிலில் எலுமிச்சை தன் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும், அடியில் ஈரம் இருந்தாலும் மதியம் இலை சுருண்டு நிற்கும். விடியற்காலையிலும் இலை சுருண்டு, காய் கையில் மெத்தென்று இருந்தால்தான் உண்மையான தாகம். தண்ணீர் போதாதபோது காயில் இருக்கிற தண்ணீரையே இலை இழுத்துக்கொள்ளும், அதனால் பல சமயம் காய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

எப்போது குறைக்கலாம்? பூ விரிந்ததிலிருந்து பிஞ்சு பட்டாணி அளவு தாண்டி, உதிர்வது நிற்கும் வரை குறைக்கக் கூடாது. இது எலுமிச்சை, ஆரஞ்சு என்று எல்லா நாரத்தை இனத்துக்கும் பொது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிஞ்சு உதிர்வு முடிந்து காய் பருக்க ஆரம்பிக்கும் முதல் கட்டத்தில் ஓரளவு குறைத்தாலும், பிறகு முழுத் தண்ணீர் கொடுத்தால் காய் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும் என்று ஸ்பெயினில் வலென்சியாப் பக்கம் கிளமென்டைன் ஆரஞ்சில் செய்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அங்கே வருஷத்துக்கு ஒரே பூ, ஒரே அறுவடை. நம் எலுமிச்சையில் ஒரே கிளையில் பூவும் பிஞ்சும் பழமும் சேர்ந்தே நிற்கும், ஒன்றுக்குக் குறைத்தால் மற்றதற்கு அடி. அதனால் அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. என் அனுபவத்தில் போரில் தண்ணீர் குறையும்போது எல்லா மரத்துக்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் நல்லது, சில நாள் விட்டு ஒரேயடியாகக் கொட்டினால் காய் வெடிக்கும். காய்ந்து கிடந்த தோட்டத்தில் திடீர்க் கோடைமழை பெய்தாலும் இதேதான். தோல் இறுகிப்போயிருக்கும், உள்ளே தண்ணீர் ஏறும், காய் பிளந்துவிடும்.

வாடவிடுவது பற்றி. இது புதிய வித்தை கிடையாது. இத்தாலியின் சிசிலித் தீவில் எலுமிச்சை விவசாயிகள் கோடையில் தண்ணீரை நிறுத்தி, பிறகு பாய்ச்சி, பருவமில்லாப் பூவை வரவழைப்பது ரொம்பப் பழைய வழக்கம். மகாராஷ்டிரத்தில் இதையே பஹார் பிடிப்பது என்பார்கள். வாட்டம் பூவைத் தூண்டும் என்பது உறுதி. நம் கணக்கு எளிது: பூவிலிருந்து பழத்துக்கு ஐந்து ஆறு மாதம், நல்ல விலை ஏப்ரல் மே மாதத்தில், எனவே பூ அக்டோபர் நவம்பரில் வர வேண்டும், எனவே செப்டம்பரில் வாட வேண்டும். செம்மண்ணில் இரண்டு மூன்று வாரம், கரிசலில் ஒரு மாதமோ அதற்கு மேலோ. இலை பளபளப்பு இழந்து, லேசாகச் சுருண்டு, கொஞ்சம் உதிர ஆரம்பித்ததும் வாடவிடுவதை நிறுத்திவிட்டு முதலில் பாதித் தண்ணீர், இரண்டு மூன்று நாள் கழித்து முழுத் தண்ணீர். சந்தேகம் எங்கே என்றால், அந்த மாதத்தில் நடுவில் ஒரு மழை பெய்தால் வாட்டம் கலைந்துபோகும், வடகிழக்குப் பருவமழை முந்தினாலும் பிந்தினாலும் கணக்கு மாறும், ஏற்கனவே காய் நிறையத் தாங்கிய மரம் வாட்டத்துக்குப் பூ விடாமல் காயை மட்டும் உதிர்க்கலாம். ஜூனில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்), செப்டம்பரில் வளர்ச்சியை அடக்கும் சைக்கோசெல் 1000 பிபிஎம், அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் 1 சதவீதம் என்று ஒரு தெளிப்பு முறை ஆராய்ச்சிப் பரிந்துரையாகவே இருக்கிறது. வாட்டத்தை மட்டும் நம்புவதை விட அது மரத்துக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து, ஆனாலும் முதல் வருஷம் ஒரு வரிசையில் செய்து பாருங்கள். பிசின் வடிகிற மரம், நுனி காய்கிற மரம், ஐந்து வயதுக்குக் கீழுள்ள மரம், இவற்றை ஒருபோதும் வாடவிடாதீர்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: கோடைக்காய் என்றால் போரில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கிற மாதத்தில்தான் மரத்தில் காய் பருத்துக்கொண்டிருக்கும். பங்குனி சித்திரையில் மரத்துக்கு 45 லிட்டராவது தொடர்ந்து தர முடியாது என்றால் பூவை வரவழைத்துப் பிரயோஜனம் இல்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் ஒரு ஏக்கரில் மட்டும் கோடைக்காய் எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று உப்பு. இதுதான் சொட்டுநீர்த் தோட்டங்களை மெதுவாகக் கெடுப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாரத்தை இனங்கள் உப்புக்கு மிகவும் பலவீனமானவை. ஆரஞ்சில், மண்ணின் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன், மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்) 1.7 தாண்டினாலே மகசூல் இறங்க ஆரம்பிக்கும், எலுமிச்சையும் இதே வகைதான். தண்ணீரின் இ.சி. 1 என்று வைத்துக்கொள்வோம், அது நன்றாகவே குடிக்கக்கூடிய தண்ணீர். அதில் லிட்டருக்கு சுமார் 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். மரத்துக்கு 55 லிட்டர் வீதம் வருஷத்தில் 200 நாள் கொடுத்தால் 11,000 லிட்டர், அதாவது ஒரு மரத்தடியில் 7 கிலோ உப்பு. மரம் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். டிரிப்பருக்கு அடியில் பார்த்தால் மண் நன்றாக இருக்கும், நனைகிற வட்டத்தின் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டியிருக்கும். அந்த வளையத்தைப் பார்க்காதவர்களே இல்லை, ஆனால் என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் குறைவு. கோடைக்குப் பிறகு முதல் தூறல் விழும்போது அந்த உப்பு கரைந்து வேருக்குள் இறங்கும், அடுத்த வாரமே இலை நுனி கருகும், மழைக்குப் பிறகு ஏன் கருகுகிறது என்று குழம்புவார்கள். முதல் தூறல் விழும்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள், சொட்டுநீரை ஓடவிடுங்கள், உப்பு உள்ளே வராமல் அது வெளியே தள்ளும். நல்ல மழை பெய்தால் தானாகவே கீழே இறங்கிவிடும். பருவமழை பொய்த்த வருஷம், மார்கழி தையில் போரில் தண்ணீர் இருக்கும்போது ஒரு முறை வட்டம் முழுக்க நனையும்படி ஆழப் பாய்ச்சிக் கழுவிவிடுங்கள். தண்ணீரைச் சிக்கனம் பிடிப்பதாக நினைத்து இதைத் தவிர்த்தால் நாலைந்து வருஷத்தில் மண்ணே கெட்டுப்போகும்.

இ.சி. பார்க்கப் போர்த் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுப்பீர்கள், அதே ரிப்போர்ட்டில் கார்பனேட், பைகார்பனேட் அதிகம் என்று வந்தால் டிரிப்பர் அடைக்கும். வடிகட்டியைக் கழுவுவது, லேட்டரல் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்றுவது வழக்கமான வேலைதான். அமிலம் விட்டுக் கழுவும்போது மட்டும் கவனம்: தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தவே கூடாது, விஷ வாயு கிளம்பும்.

பாத்தியோ சொட்டுநீரோ, தூரில் தண்ணீர் தொடக் கூடாது. தூரழுகல், பிசின் வடிதல் நோயைக் கொண்டுவரும் பைட்டோப்தோரா, ஈரத்தில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கிற கிருமி. சொட்டுநீர் வரும்வரை பாத்தி தொடரும் என்றால் தூரைச் சுற்றி இரண்டடிக்கு மண் அணைத்து, அதற்கு வெளியே இரட்டை வட்டமாகப் பாத்தி கட்டுங்கள், ஒரு மரத்தின் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகாமல் தனித்தனி மடை வையுங்கள். மூடாக்குக்கு உங்கள் பக்கம் தென்னை மட்டை, கரும்புச் சோகை, கடலைத் தோல் எது மலிவோ அதைப் போடுங்கள், நாலு விரல் கனத்துக்கு, தூரிலிருந்து ஓரடி விட்டு. டிரிப்பருக்கு மேல் மூடாக்கு இருந்தால் அடைப்பு கண்ணில் படாது என்பது ஒன்றுதான் குறை, வாரம் ஒரு முறை விலக்கிப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாகப் போர் எத்தனை வருஷம் தாங்கும் என்பது. இதற்கு இங்கிருந்து யாரும் பதில் சொல்ல முடியாது, உங்களைச் சுற்றி எத்தனை போர் ஓடுகிறது என்பதையும் பொறுத்தது. ஆனால் ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன்: சொட்டுநீர் போட்டதும் தண்ணீர் மிச்சமாகும், மிச்சமானதை வைத்து இன்னும் ஒரு ஏக்கர் கன்று வைப்பார்கள், மூன்றாம் வருஷம் போர் பழைய நிலைக்கே வந்துவிடும், இப்போது தாகத்தில் நிற்கும் மரம்தான் அதிகம். முன்பு வாய்க்காலில் கீழே இறங்கிய தண்ணீரில் ஒரு பங்கு நிலத்தடிக்கே திரும்பிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுவிடும். தயவுசெய்து குறைந்தது மூன்று கோடைக்கு 3 ஏக்கரைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு சித்திரையிலும் அதே டிரம்மை வைத்து அளந்து எழுதி வையுங்கள், எண் இறங்காமல் இருந்தால் பிறகு யோசிக்கலாம். ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர், தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால் வெளியே ஓடுவதில் ஒரு பகுதியாவது உங்கள் நிலத்திலேயே இறங்கும். சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயி சான்று இருந்தால் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் தமிழ்நாட்டில் உண்டு, 5 ஏக்கர் வரை சிறு விவசாயிதான், தாசில்தார் அலுவலகத்தில் சான்றுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். மானியத்தில் வரும் டிசைனில் மரத்துக்கு ஒரே லேட்டரல், இரண்டு டிரிப்பர் என்று இருந்தால் ஒத்துக்கொள்ளாமல் கூடுதல் குழாய்க்குக் கைக்காசு போடுங்கள்.

டிரம் அளவு, தண்ணீர் ரிப்போர்ட்டில் இ.சி., பி.எச்., குளோரைடு, பைகார்பனேட் ஆகிய எண்கள், குழி தோண்டியபோது எத்தனை அடியில் சரளை தட்டியது, இவ்வளவும் இங்கேயே போடுங்கள். மண் ஆழம் இரண்டடிக்குக் குறைவு என்றால் நான் மேலே சொன்ன ஒண்ணே முக்கால் மணி நேரத்தை ஒரே தடவையில் ஓட்டாமல் காலை, மாலை எனப் பிரிக்க வேண்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.